வீட்டுக்குக் கண்டம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ராயபுரம் எனக்குச் சொந்தமாகிவிடும். மற்ற நாட்களில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. என் பேச்சை அங்கே லாரி டிரைவர்கள்கூடக் கேட்பதில்லை. ஞாயிறன்று மட்டும் தலையில் தொப்பி, கையில் குடை, தோளில் தொங்கும் சின்ன ஒலிபெருக்கி. அடையாறு, மயிலாப்பூர் பக்கத்திலிருந்து பழைய கட்டடங்களைப் பார்க்க வருகிறவர்களை ரயில் நிலையத்தின் தூண்களுக்கு முன்னால் நிறுத்தி, "இதெல்லாம் நம் சொத்து, இடிக்க விடக்கூடாது" என்று தொண்டை கட்டும்வரை பேசுவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். என் வாழ்க்கையில் நான் சொல்லி ஆளுக்காள் தலையாட்டுவது அந்த ஒரு காலையில்தான்.

நான் குடியிருப்பதும் பழைய வீடுதான். தாத்தா காலத்துக் கட்டடம், மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, மேலே மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, கடுக்காயும் வெல்லமும் கலந்த சுண்ணாம்பில் பூசியது. வெல்லத்தைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் தானாகவே தழுதழுக்கும். அந்த வெல்லத்தை எறும்பு எப்போதோ தின்றுவிட்டது என்பது என் மனைவியின் கருத்து.

அவளுக்கு அந்தக் கூரையோடு வேறு மாதிரிப் பழக்கம். தோசை மாவில் செங்கல் தூள் விழும். மழை பிடித்தால் கூடத்தின் நடுவில் நீல பக்கெட்டை வைப்பாள். கட்டிலைச் சுவரோரம் தள்ளுவாள். ஒழுகும் இடம் மாறினால் மறுபடி இழுப்பாள். கூரையைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம் நான் வரலாற்றை எடுத்துவிட்டேன். இடிப்பது சுலபம், கட்ட முடியுமா என்று ஒலிபெருக்கி இல்லாமலேயே முழங்கினேன். தலைமேல எப்ப விழுமோன்னு பயமா கீது என்று அவள் ஒருநாள் சொன்னாள். இத்தனை வருஷம் நின்ற கூரை என்று பதில் சொல்லிவிட்டு, தொப்பியைத் தேடப் போனேன்.

கடைசியில் அவளே தன் தம்பிக்குத் தெரிந்த ஓர் இன்ஜினியரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தாள். நான் அப்போது ரயில் நிலையத்து வாசலில் தூண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"வூட்டுக்குக் கண்டம்னு சொல்ட்டாரு. இன்னா பண்ணலாம்?"

இந்த இடத்தில் என் அறிவை நீங்கள் பாராட்ட வேண்டும். துறைமுகத்தில் ஓட லாயக்கில்லாத லாரியைக் 'கண்டம்' என்றுதான் சொல்வோம். 'கண்டெம்ன்' என்ற இங்கிலீஷ் வார்த்தை தேய்ந்து அப்படி ஆனது. ரயில்வேயில் பெட்டிக்கும், கார்ப்பரேஷனில் கட்டடத்துக்கும் அதே பெயர். தினம் ஒரு லாரிக்காவது நான் அதைச் சொல்கிறவன். ஆனால் போன மாதம் என் மனைவி ஒரு ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்து எனக்குத் தண்ணீரில் கண்டம் என்றும், எண்ணூர் முகத்துவாரத்தில் படகில் ஏறக்கூடாது என்றும் சொல்லியிருந்தாள். இன்ஜினியர் வரப்போவது எனக்குத் தெரியாது. எனவே இந்தக் கண்டமும் அந்த ஜோசியர் கொடுத்ததே என்று முடிவு கட்டினேன்.

"ஒரு பூசணிக்காய வாங்கிக் கட்டிடு, போவும்," என்றேன்.

 சரி, கட்டிடறேன் என்று போனை வைத்துவிட்டாள். நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, நம் மக்களுடைய மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு சிறு நகைச்சுவை சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள்.

அந்த உற்சாகத்தில், அசல் மெட்ராஸ் டெரஸ் பார்க்க வேண்டுமா, வாருங்கள் என் வீட்டுக்கு என்று எல்லோரையும் அழைத்துப் போனேன். கூடத்தின் நடு உத்திரத்தில், பழைய ஊஞ்சல் கொக்கியில், கண்ணும் மீசையும் வரைந்த பூசணிக்காய் தொங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். புது வீட்டுக்கு வாசலில் கட்டுவதை இவள் நடுக்கூடத்தில் கட்டியிருக்கிறாளே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வடசென்னை வீடுகளில் திருஷ்டி கழிக்கும் மரபு என்று ஒலிபெருக்கியில் விளக்கினேன். படம் எடுத்தார்கள்.

அடுத்ததாக, தேக்கின் தரத்தைக் காட்ட ஆசைப்பட்டேன். தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும் என்று சொல்லி, குடையின் முனையால் உத்திரத்தில் ஓங்கிக் குத்தினேன். ஒலி வரவில்லை. குடை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது கறையான் மண் என் தொப்பியில் கொட்டியது; பூசணிக்காய் ஒரு சுற்றுச் சுற்றி என்னைப் பார்த்து நின்றது.

எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். அந்த ஒரு முறைதான் ஒலிபெருக்கி உண்மையிலேயே உபயோகப்பட்டது. அவள் மட்டும் நகரவில்லை.

"இன்ஜினீரு ஸ்க்ரூடிரைவர வெச்சாரு, பிடி வரைக்கும் போச்சு. கண்டம் பண்ணணும்னாரு. நீதான் பூசணிக்காய கட்டச் சொன்ன."

நான் தொப்பியைக் கழற்றி மண்ணைத் தட்டினேன். "அவங்கள வெளிய போவச் சொன்னியே," என்றாள். "நான் எத்தினி வருஷமா இதுக்குக் கீழ படுத்துங்கீறேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.  வந்தவர்களைக் காப்பாற்ற ஒரு நொடி ஆகவில்லை. இவளுக்கு மட்டும் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே முட்டுக் கொடுத்தோம். பிறகு கூரையைப் பிரித்தார்கள். என் நண்பர்கள் சிலர் நான் கொள்கையை விட்டுவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். ரயில் நிலையத்துத் தூண்களுக்கு நான் இன்னும் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறேன். அவற்றின் கீழே யாரும் மாவு அரைப்பதில்லை.

புதுக் கூரை போட்ட பிறகு முதல் மழை ஒரு சாயங்காலம் வந்தது. சத்தம் கேட்டதும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து, நீல பக்கெட்டைக் கூடத்தின் நடுவில் வைத்தாள். வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. மழை விடும்வரை பக்கெட்டை அவள் எடுக்கவில்லை; எடுத்துவிடு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.