தார் ஆறும் வரை

எங்கள் வீட்டுப் படியிலிருந்து தெரு வரைக்கும் போன வாரம் தார் போட்டோம். போட்டவர்கள் கிளம்பும்போது அதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார்கள். சில நாட்களுக்குக் கார் ஏற்றக் கூடாது. ஏற்றினாலும் நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பக் கூடாது. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் பள்ளம் விழும். உச்சி வெயிலில் தண்ணீர் தெளித்தால் நல்லது. எண்ணெய் எதுவும் சிந்தக் கூடாது என்று மேஸ்திரி தொடங்கியதும், "முக்கியமாக மண்ணெண்ணெய்" என்று நான் முடித்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். சின்ன வயதில் எங்கள் வீட்டில் போட்டிருந்தோம் என்றேன். அதற்கு மேல் அவரிடம் சொல்லவில்லை.

அப்போது எங்கள் வீடு திருத்தணி மலைக்குப் பின்பக்கம், பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் நைனாவின் விசைத்தறிக் கொட்டகை; அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். சாலையோரம் ஓர் இரும்புக் கேட். கேட்டிலிருந்து வீட்டுப் படி வரை செம்மண் பாதை. நைனாவின் தங்கையான என் அத்தையை அந்த வருடம் தை மாதம் அம்மையார்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர்களும் தறிக்காரர்கள்தான். ஆனால் எங்களைவிடப் பெரிய கை, கார் வைத்திருந்தார்கள்.

கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அத்தைக்குத் தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீடுதான் பிறந்த வீடு. மாமாவும் மாமாவின் அண்ணனும் அவளைக் காரில் கொண்டுவந்து விட்டார்கள். முதல் நாள் பெய்த மழையில் செம்மண் ஊறிக் கிடந்தது. கேட்டைத் தாண்டியதும் கார் புதைந்தது. தறி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வந்து தள்ளினார்கள். மாமாவின் அண்ணன் இறங்கி வேட்டியெல்லாம் சேறாக நின்று, "இன்னா மச்சான், பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி வழியப் போட்டிருக்க வேணாவா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அத்தையின் தோளுக்குப் பின்னால் ஒரு தீக்காயம் இருந்தது. அம்மா குளிக்க வார்க்கும்போது பார்த்தாள். சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டது என்று அத்தை சொன்னாள். முதுகுப்பக்கம் எப்படிக் கொட்டும் என்று அம்மா கேட்டாள். அத்தை தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். அந்த வாரமே அம்மா நைனாவிடம் பேசிப் பார்த்தாள். எல்லா வீட்டிலும் இருப்பதுதான், போகப் போகச் சரியாகிவிடும் என்பது நைனாவின் பதில். புண் ஆறட்டும், பிறகு அனுப்பலாம் என்று அம்மா விட்டுவிட்டாள்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வருமுன் பெரிய சாலைக்குப் புதுத் தார் போட்டார்கள். நைனா மேஸ்திரியைப் பிடித்துப் பேசி, அவர்களைக் கொண்டே கேட்டிலிருந்து படி வரைக்கும் போடவைத்தார். உருளை வண்டி எங்கள் படி வரை வந்து திரும்பியது. செம்மண் இருந்த இடம் சாயங்காலத்துக்குள் கறுப்பாகப் பளபளத்தது. நைனா அதன் ஓரமாகவே நடந்து போய்க் கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். தார் ஆறியதும் வந்து அழைத்துப் போகலாம், இனி கார் படிவரைக்கும் வரும் என்று அம்மையார்குப்பத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல அந்தத் தாரைப் பார்த்துக்கொண்டோம். நூல் கொண்டுவரும் வண்டி சாலையிலேயே நின்றது. மூட்டைகள் தோளில் வந்தன. சைக்கிள்கள் வேப்பமரத்தில் சாய்ந்தன. அம்மா சாணி தெளிப்பதை நிறுத்தினாள். கோலம் படிமேல் ஏறிக்கொண்டது. ஆடு மாடு ஏறாமல் பார்த்துக்கொள்கிற வேலையை அத்தை தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டுக்குப் பக்கத்து வேப்பமர நிழலில் ஒரு முக்காலி போட்டு நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாள். "தங்கச்சின்னா இப்டி இருக்கணும்" என்று நைனா தறிக்காரர்களிடம் சொன்னார்.

எவ்வளவு ஓரமாக நடந்தாலும் என் காலில் தார் ஒட்டிவிடும். அத்தை பழைய துணியைக் கிருஷ்ணாயிலில் நனைத்து விரல் விரலாகத் துடைத்துவிடுவாள். மண்ணெண்ணெய்க்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். தேங்காய் எண்ணெயில் போகாத கறை அதில் ஒரே இழுப்பில் கரைந்து வந்துவிடும். அத்தை அந்தத் துணியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு ஒருநாள் விடிந்தும் விடியாமலும் நான் எழுந்து வந்தபோது, அத்தை கேட்டருகே குந்தி உட்கார்ந்து சொம்பிலிருந்து எதையோ ஊற்றிக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். கார் சக்கரம் முதலில் ஏறுகிற இடம் அது. என்ன என்று கேட்டேன்.

"தாருக்கு மருந்து பாப்பா. யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. சொன்னா பலிக்காது."

மலைமேல் வேண்டுதல்களைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள். நான் நம்பினேன்.

நைனா தினமும் காலையில் பாதையை நெடுக நடந்து, கட்டைவிரலால் அங்கங்கே அழுத்திப் பார்ப்பார். படியருகில் கல் மாதிரி இருக்கும். நடுவிலும் அப்படியே. கேட்டருகில் மட்டும் விரல் புதையும். மேஸ்திரியைத் திட்டினார். கல்தூள் கொண்டுவந்து தூவினார். அதுவும் உள்ளே போயிற்று. ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. தார் இன்னும் ஆறவில்லை, சற்றுப் பொறுத்து வாருங்கள் என்று மறுபடி சொல்லி அனுப்பினார். காரைச் சாலையில் நிறுத்திவிட்டு நடந்து வரட்டுமே என்று தறிக்காரர் ஒருவர் சொன்னதற்கு, அவர் வாய் திறக்காதபடி ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கார் படிவரைக்கும் வந்தாக வேண்டும். அதில் அவர் எவ்வளவு உறுதியாக இருந்தார் என்பது அத்தைக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாட்களில் அத்தை நன்றாகச் சாப்பிட்டாள். எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். பம்பைச் சத்தத்தோடு போகும் காவடிக்காரர்களைக் கேட்டுக்குள் நின்றபடியே பார்த்துக் கும்பிட்டாள்.

ரேஷன் கிருஷ்ணாயில் மட்டும் எங்கள் வீட்டில் சீக்கிரம் தீர்ந்துகொண்டிருந்தது. நைனா ஒருநாள் டின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு அம்மாவைக் கேட்டார்.

"ஸ்டவ் ஒழுகுதுங்க" என்றாள் அம்மா.

"ரிப்பேருக்குக் குடு."

"ஆங், குடுக்கறேன்."

கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பாட்டில் கைமாற்று வாங்கி டின்னில் ஊற்றி, முன்பு இருந்த அதே மூலையில் வைத்தாள். டின்னின் மூடியை அவள் இறுக்கி மூடவில்லை.

ஒரு காலையில் நைனா கேட்டருகே அழுத்திய விரலை மூக்கருகே கொண்டுபோனார். என்னைக் கூப்பிட்டார். இங்கேயா கால் கழுவுகிறாய் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தலையில் குட்டினார். அத்தை ஓடிவந்தாள்.

"அவளை அடிக்காதண்ணா. நான்தான் ஊத்தனேன்."

கால் கழுவ ஊற்றியதைத்தான் சொல்கிறாள் என்று நைனா எடுத்துக்கொண்டார். நானும்தான். அவர் அவளைத் திட்டவில்லை. அத்தனை நாள் காவல் காத்தவள், தெரியாமல் செய்துவிட்டாள் என்று சமாதானமாகவே பேசினார். டின்னைத் தூக்கிப்போய்த் தறிக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார். அன்றன்றைக்கு அடுப்புக்கு வேண்டியதை அவரே அளந்து ஊற்றினார். மேஸ்திரியிடமிருந்து ஒரு கூடைத் தார் கலவை வாங்கிவந்து கேட்டருகே போட்டுக் கெட்டித்தார். ஆவணி வெயில் அந்த வருடம் கொளுத்தியது. சில நாட்களில் அந்த இடமும் கல்லாயிற்று.

நாள் குறித்துச் சொல்லி அனுப்பிவிட்டு நைனா சாப்பிட உட்கார்ந்தார். அத்தை பரிமாறிக்கொண்டிருந்தாள். குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் கொஞ்ச நாள் ஆறட்டும்ணா."

"உன் புண்ணு ஆறிடுச்சு. தாரும் ஆறிடுச்சு. இன்னும் இன்னாம்மா ஆறணும்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை என்பதுபோலத்தான் கேட்டார். அத்தை குழம்பை ஊற்றினாள். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

கார் வந்தது. கேட்டில் ஏறி, சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு படி வரைக்கும் வந்து நின்றது. மாமாவின் அண்ணன் இறங்கிக் காலால் தாரைத் தட்டிப் பார்த்தார். "இப்பதான் மச்சான் மனுசன் வர்ற வழியா இருக்கு" என்றார். நைனாவின் முகம் அன்றைக்குப் போல மலர்ந்து நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் இலை போட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் அத்தைக்கு அம்மா பூ வைத்துவிட்டாள். வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அத்தை என் காலைப் பார்த்து, "சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

மாமா வண்டியை நின்ற இடத்திலேயே முறுக்கித் திருப்பினார். தாரில் அரைவட்டமாக ஒரு தடம் விழுந்தது. நைனா உடனே குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். பின்கண்ணாடி வழியாக அத்தை திரும்பிப் பார்த்தபோது அவர் குனிந்துதான் இருந்தார். நான் கை ஆட்டினேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு அதே கார் ஒரு காலையில் வந்தது. அத்தை வீட்டுக் கணக்குப்பிள்ளை மட்டும் வந்திருந்தார். தார் நன்றாக நின்றது. சக்கரத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அவர் படியில் ஏறாமலே நைனாவிடம் சொன்னார். ஸ்டவ் ஒழுகியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை, பற்ற வைத்ததும் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. உடனே கிளம்பி வரச் சொன்னார்கள்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வந்தவரைப் பார்க்காமல், நைனாவைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"நம்ம வூட்டு ஸ்டவ்வும் ஒழுகல. அவங்க வூட்டு ஸ்டவ்வும் ஒழுகல."

நைனா அவளையே பார்த்தார். பிறகு மழையில் நனைந்து கிடந்த பாதையை, கேட்டருகே அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர்கள் காரில் ஏறிப் போனார்கள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். அங்கிருந்து நழுவி வந்து எங்கள் அடுப்படிக்குள் போனேன். ஸ்டவ்வை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தேன். அது இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். விரலை மோந்தும் பார்த்தேன். தரை உலர்ந்திருந்தது. அம்மா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு, ஸ்டவ்வை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.