பம்பரக் காலம் தானாக வரவில்லை

உள்ளங்கையில் பம்பரம் நின்று சுழலும்போது ஆணி குத்தாது, கூசும். அந்தக் கூச்சம் மணிக்கட்டு வழியாக ஏறி முழங்கை வரைக்கும் போகும், காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வண்டு ஒன்று தூரத்தில் பறக்கிற மாதிரி சத்தம் கேட்கும். ஆடாமல் அசையாமல் அப்படி நிற்பதை எங்கள் பக்கத்தில் "உறங்குது" என்போம். எழுபதைத் தாண்டிய என் கையில் இன்றைக்கும் பம்பரம் உறங்கும். இந்தக் கையால் என்னவெல்லாம் செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. திருநெல்வேலி டவுன் வடக்கு ரத வீதியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் சாக்கு மடிக்கிற பையனாகச் சேர்ந்தேன். அதே வீதியில் பின்னால் சொந்தக் கடை போட்டேன். ஆனித் தேரோட்டத்துக்கு வருகிற கூட்டம் தேரைப் பார்த்த கண்ணோடு என் கடை வாசலில்தான் வந்து நிற்கும். கடைக்கு மேல் மாடி எடுத்து வீடு கட்டினேன், மகனை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தேன், மகளை டீச்சராக்கிப் பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்தேன். கைதூக்கிவிட ஒரு ஆள் கிடையாது, எல்லாம் நானேதான். இவ்வளவையும் ஊர் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. இந்த டவுனுக்குப் பம்பர சீசனைக் கொண்டுவந்தவன் நான்.

சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு காலம் உண்டு. நேற்றுவரை தெருவெல்லாம் கோலிக்குண்டு உருண்டுகொண்டிருக்கும், இன்றைக்குப் பார்த்தால் ஒரு பயல் கையிலும் குண்டு இருக்காது, எல்லார் இடுப்பிலும் பம்பரச் சாட்டை தொங்கும். அப்புறம் பட்டம், அப்புறம் மறுபடியும் குண்டு. யார் மாற்றிவிட்டார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, சாரல் வருகிற மாதிரி அதுவாக வரும் என்பார்கள். சாரல் அதுவாக வரும், ஒப்புக்கொள்கிறேன். பம்பரம் அப்படி வரவில்லை.

நான் வேலை பார்த்த கடையின் முதலாளி சங்கரபாண்டி அண்ணாச்சி. நல்ல மனுஷன், ஆனால் எதற்கும் மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிற ஆள். அந்த வருஷம் பங்குனியில் சாக்குச் சாக்காகப் பம்பரம் வாங்கி அடுக்கிவிட்டார். சிவப்பும் பச்சையும் வளையம் போட்ட பம்பரங்கள்; சாக்கைத் திறந்தால் அரக்கு வாசனை மூக்கில் ஏறும். ஆனால் தெருவில் குண்டுக் காலம் முடிகிற வழியாக இல்லை. பள்ளிக்கூடத்துக்கு முழுப்பரீட்சை லீவும் விட்டாயிற்று, ஒரு பம்பரம் நகரவில்லை. அண்ணாச்சி விசிறியால் விசிறிக்கொண்டே சாக்குகளைப் பார்ப்பார். நான் ஒருநாள், என்ன செய்யலாம் அண்ணாச்சி என்று கேட்டேன்.

"நாம என்னலே செய்ய முடியும்? மழை பெய்யுத மாதிரி அதுவா வரணும்" என்றார். பிறகு எரிச்சலில் ஒரு பம்பரத்தை என் பக்கம் எறிந்து, "வேணும்னா நீயே வச்சு சுத்து, போ" என்றார்.

அவர் எரிச்சலில் சொன்னதை நான் வேலையாக எடுத்துக்கொண்டேன். தேர் நிலைக்குப் பக்கத்தில் சாயங்காலம் நல்ல நிழல் விழும், வீதிப் பயலுகள் முழுக்க அங்கேதான் கிடப்பார்கள். அங்கே போய், எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். கையில் உறங்க வைத்தேன், அந்தரத்தில் எறிந்து சாட்டையால் இழுத்து உள்ளங்கையில் பிடித்தேன். பயலுகள் பார்த்தார்கள், "நல்லாத்தான் சுத்துதான்" என்றார்கள், திரும்பக் குனிந்து குண்டு அடிக்கப் போய்விட்டார்கள். நாலைந்து நாள் இதே கதை. கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினால் கூட்டம் கைதட்டும், கூட வந்து ஆடாது என்பதை அந்த வயதில் நான் அங்கேதான் கண்டுகொண்டேன்.

அப்போதுதான் இசக்கியைப் பார்த்தேன். பேட்டைக்காரப் பயல், லீவுக்கு அத்தை வீட்டுக்கு வந்திருந்தான். தன்னிடம் இருந்த குண்டையெல்லாம் தோற்றுவிட்டு, டவுசர் பையை வெளியே இழுத்துப் போட்டபடி, தெருவோரச் சாக்கடை ஓடைக் கல்லில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய குண்டெல்லாம் வெங்கடாசலத்தின் பையில் இருந்தது. இந்த வெங்கடாசலம் ஒரு கிளார்க் வீட்டுப் பையன், குறி வைத்தால் தப்பாது. நடக்கும்போது அவன் டவுசர் பை சலங்கை மாதிரி சத்தம் போடும். இசக்கி ஒருவன் மட்டுமில்லை, சுற்றிப் பார்த்தேன், சுவர் ஓரமாக ஆங்காங்கே தோற்ற பயலுகள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆடுகிறவர்களைவிட அவர்கள்தான் அதிகம். ஆடவும் முடியாமல், வீட்டுக்குப் போகவும் மனசில்லாமல்.

எனக்குப் பளிச்சென்று பட்டது. ஜெயிக்கிறவனுக்குப் புது விளையாட்டு எதற்கு? தோற்றவனுக்குத்தான் வேண்டும், இன்னும் அவன் தோற்காத ஒரு விளையாட்டு.

கடையில் ஆணி கோணிப்போய் விலை போகாத ஒரு பம்பரம் கிடந்தது. அண்ணாச்சியிடம் சொல்லி எடுத்து, கல்லில் தட்டி ஆணியை நிமிர்த்தி, இசக்கி கையில் கொடுத்தேன். வட்டம் போட்டோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எல்லாரும் ஒன்றாகப் பம்பரத்தை விட்டு, சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிக் கையில் பிடிக்க வேண்டும். கடைசியாகப் பிடிக்கிறவன் தன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் பம்பர ஆணியால் அதைக் குத்துவார்கள். விழுகிற ஓட்டைக்கு "ஆக்கர்" என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாலும் நான்தான் முந்துவேன். ஆனால் வேண்டுமென்றே பிந்தினேன். என் பம்பரத்தை வட்டத்தில் வைத்தேன். இசக்கி முதல் குத்து குத்தினான், குறி தவறியது. இரண்டாவது குத்தில் என் பம்பரத் தலையில் ஒரு ஆக்கர் விழுந்தது. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ஏலே, இங்கன வாங்கலே, இவன் பம்பரத்த ஓட்ட போட்டுட்டேன்" என்று சுவர் ஓரத்துப் பயலுகளைக் கூப்பிட்டான்.

வந்தார்கள். தோற்றவர்கள் எல்லாரும் வந்தார்கள். அன்று இருட்டும்வரை நான் தோற்றுக்கொண்டே இருந்தேன், கடைசியில் என் பம்பரம் இரண்டாகப் பிளந்தது. மறுநாள் காலையில் அண்ணாச்சி கடை திறக்குமுன் வாசலில் பயலுகள் நின்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் வெங்கடாசலமும் வந்தான். பை நிறையக் குண்டு இருக்கிறது, எதிரே உட்கார்ந்து ஆட ஆள் இல்லை. பாவம், வேறு என்ன செய்வான், அவனும் ஒரு பம்பரம் வாங்கினான்.

காலியான சாக்குகளை நான் மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி கண்ணில் நீர் கட்ட, "சாஸ்தா கண்ணத் தொறந்துட்டாருலே" என்றார். நான் அடுத்த சாக்கை எடுத்து மடித்தேன். சாமியோடு போய் யார் பங்கு கேட்பது? ஆனால் அன்றையிலிருந்து ஒவ்வொரு வருஷமும் நான்தான் காலத்தை மாற்றினேன். பம்பரத்துக்கு மட்டுமல்ல, பட்டத்துக்கும் அதே வழிதான். தோற்று நிற்கிற ஒருவனைத் தேடிப் பிடிப்பேன், முதலில் நான் தோற்பேன். சொந்தக் கடை போட்ட பிறகும், தலை நரைக்கத் தொடங்கிய பிறகும், கடை வாசலில் சின்னப் பயலுகளோடு குந்தி உட்கார்ந்து தோற்றிருக்கிறேன். தொழில் ரகசியம் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் இப்போது வினையாகப் போய்விட்டது.

சில மாதங்களுக்கு முன்னால் டவுனில் ஒரு புத்தகக் கூட்டம் நடந்தது. அதே வெங்கடாசலம், காலேஜ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அழகாகப் பேசினார். யாரும் அறிவிக்காமல், யாரும் சொல்லித்தராமல் பம்பரக் காலம் காற்றைப் போலத் தானாக வரும் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, தானாக வரவில்லை, நான்தான் கொண்டுவந்தேன் என்று ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்படியா வே? அப்பம் குற்றாலச் சாரலையும் நீருதான் வரவழைச்சீரா?" என்று கேட்டார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்தவருக்கு, சுவர் ஓரத்தில் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்?

சாட்சிக்கு இசக்கி இருக்கிறானே என்று பேட்டைக்குப் போனேன். திண்டாடி வீட்டைக் கண்டுபிடித்தேன். நல்ல காப்பி கொடுத்தான், பழைய கதையெல்லாம் பேசினான். பம்பரத்தைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினான். "பம்பரமா? நமக்குக் குண்டுல்லா வே. குண்டுல நம்மகிட்ட நின்னவன் எவன் இருக்கான்?" என்றான். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஒரே வழிதான். மறுபடியும் ஒருமுறை கொண்டுவந்து காட்டுவது. என் மகன் அப்போதே கடையை மருந்துக் கடைக்கு வாடகைக்கு விடப் பேசிவைத்திருந்தான். "எப்பா, பொம்ம வாங்க ஆள் வந்து எத்தன நாளாச்சு, நீங்களே சொல்லுங்க" என்றான். இந்த முழுப்பரீட்சை லீவு முடிகிற வரைக்கும் பொறு, நான் சீசனைக் கிளப்பிக் காட்டுகிறேன், கிளம்பிவிட்டால் கடை இருக்கட்டும், இல்லையென்றால் நீ சொல்கிறபடி என்றேன். சரி என்றான். என் மேல் இரக்கம்தான், நம்பிக்கை இல்லை.

லீவு விட்டதும் ஒரு பை நிறையப் பம்பரத்தோடு தேர் நிலை நிழலில் போய் உட்கார்ந்தேன். பயலுகளே இல்லை. நிழல் மட்டும் அப்படியே விழுகிறது, அதில் பைக்குகளை நிறுத்தியிருக்கிறார்கள். தினமும் போனேன். ஒருநாள் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். கையில் உறங்க வைத்துக் காட்டினேன். ஒருவன் போனை நீட்டி, "தாத்தா, இன்னொருக்க சுத்துங்க, வெளிச்சம் சரியா விழல" என்றான். சுற்றினேன். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கைதட்டுகிறவன் ஆட வரமாட்டான் என்பது எனக்குத்தான் பழைய பாடமாயிற்றே. ஆகவே தோற்றவனைத் தேடினேன்.

ஒரு வீட்டுப் படியில் பத்து வயசுப் பையன் போனில் ஏதோ விளையாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திடீரென்று தொடையில் அடித்துக்கொண்டு "போச்சு" என்றான். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். அப்படியே இசக்கி. எழுபது வயசு முட்டியை மறந்து ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"தோத்துட்டியாலே?" என்றேன்.

"ஆமா தாத்தா, ஆளு செத்துட்டான்."

பையிலிருந்து நல்ல பம்பரமாகப் பார்த்து எடுத்து, சாட்டையைச் சுற்றி அவன் பக்கம் நீட்டினேன். இதில் நீ என்னை ஜெயித்துவிடலாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் முகம் தெளிந்துவிட்டது.

"திரும்ப உசுரு வந்துட்டு தாத்தா" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டான்.

நான் நீட்டிய கையோடு நின்றேன். தோல்வி அவனிடம் ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. டவுசர் பையை வெளியே இழுத்துப் போட்டு ஓடைக் கல்லில் உட்கார வேண்டிய அவசியம் இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இல்லை. தோற்ற உடனே அந்தச் சாமானே அவனைத் தூக்கி நிறுத்திவிடுகிறது. அவன் சுவர் ஓரத்துக்கு வரப்போவதில்லை. அவன் வராவிட்டால் எனக்கு வேலை இல்லை. லீவு முடியும்வரை நான் தேடிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் அந்தப் படியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி எந்தக் காலமும் மாறாது. ஒரே காலம்தான், அது முடிவதும் இல்லை.

கடை இப்போது மருந்துக் கடை. அரக்கு வாசனை போய் டெட்டால் வாசனை வருகிறது. மாடியிலிருந்து இறங்கும்போது அந்த வழியாகத்தான் வரவேண்டும், நான் நேராகப் பார்த்துக்கொண்டு வந்துவிடுவேன்.

போன வாரம் மகன் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். தேர் நிலையில் போனை நீட்டிய அந்தப் பிள்ளை எடுத்ததுதான், எங்கெங்கோ போய்ச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. ஒரு கிழட்டு உள்ளங்கை, அதில் ஒரு பம்பரம் உறங்குகிறது. முகத்தை அந்தப் பயல் எடுக்கவே இல்லை. கீழே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், மகன் வாசித்துக் காட்டினான். ஒருத்தர் அமெரிக்காவில் இருந்து எழுதியிருக்கிறார், எங்கள் டவுன்காரராம். "பம்பர சீசன்! யார் ஆரம்பித்து வைப்பார்களோ, தானாக வந்துவிடும்."

ஐயா, உங்கள் இடுப்பில் சாட்டை தொங்கிய அந்த வருஷம், உங்களுக்காக முன்னால் தோற்றுவிட்டு வந்தவன் ஒருவன் இருந்தான். கடை போய்விட்டது, காலம் போய்விட்டது, அதை நான் திருப்பிக் கேட்கவில்லை, கேட்டாலும் தர ஆள் இல்லை. இனிமேல் இதைப் பற்றிப் பேசுகிறவர்களும் எழுதுகிறவர்களும் தானாக வந்தது என்கிற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள். வடக்கு ரத வீதி பேச்சிமுத்து. படத்தில் இருக்கிற கையும் என் கைதான்.