குழலுக்குள் குளவி

"தொட்டது உன் கைதாம்லே. வேற எவன் தொடுவான்?"

மழைக்கு ஒதுங்கி நின்ற, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் அத்தனை பேரும் கேட்க, வடசேரிச் சந்தையில் வைத்து லாரி டிரைவர் முத்துநாயகம் தன் கிளீனர் டைட்டஸின் மேல் பாய்ந்தார். முன்கண்ணாடியில் மழைநீரைத் துடைக்கிற வைப்பர், வழியில் மழை பிடித்தபோது அசையவே இல்லை. கண் தெரியாமல் லாரி ஒரு மாட்டுவண்டியை உரசியதில், ஏற்றிவந்த நாலு மூட்டை உப்பு ஓடையில் விழுந்து கரைந்தது. முதலாளி ரஹீம் குடையோடு வந்து, யார் பார்த்த வேலை என்று கேட்டார். முத்துநாயகம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டார்.

டைட்டஸ் நாற்பது வயதுக்காரன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். அவன் பதறவில்லை.

"அண்ணாச்சி, நான் சக்கரந்தான் கழுவுவேன். கண்ணாடிக்கிட்ட வந்தா நீரு கடிச்சிருவீரே."

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. நாளை முதல் வரவேண்டாம் என்று டைட்டஸிடம் சொல்லிவிட்டுப் போனார்.

டைட்டஸ் சொன்னது பொய்யில்லை. முத்துநாயகம் காலையில் தன் முகத்துக்கு முந்திக் கண்ணாடியைக் கழுவுகிற ஆள். திருநீறும் முதலில் கண்ணாடிக்குத்தான், பிறகுதான் நெற்றிக்கு. மடியில் இருக்கும் புகையிலையில் பாதி வாய்க்கு. மீதி, மழைத்துளி வழுக்கி ஓடக் கண்ணாடியில் தேய்க்க. அந்தக் கிழட்டு லாரியின் வைப்பர், எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பில், ஒரு ரப்பர் குழல் வழியாக ஆடுவது. மேடு ஏறினால் சோர்ந்துவிடும். யாராவது கேலி செய்தால், "மேட்டுல உனக்கு மூச்சு வாங்கலியா? அதுக்கும் வாங்கும்" என்பார்.

பழுது பார்ப்பதும் வாயால்தான். எஞ்சினிலிருந்து குழலைக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சுவார். வைப்பர் துடித்தால் கோளாறு எஞ்சின் பக்கம். துடிக்காவிட்டால் குழலில், அல்லது மேலே வைப்பரில். பெட்ரோல் வாசம் ஏறி ஏறிக் கருப்பட்டிக் காப்பியின் ருசியே மறந்துவிட்டது என்று பெருமை வேறு.

அன்று மட்டும் அவர் குழலை வாயில் வைக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

சித்திரையில் அச்சு முறிந்து லாரி இருபது நாள் அவர் வீட்டு முற்றத்தில் கிடந்தது. கழற்றி ஆணியில் தொங்கவிட்ட குழலுக்குள் ஒரு குளவி மண் கொண்டுவந்து அடைத்தது. குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். யாரும் உடைக்க மாட்டார்கள். மகள் சண்முகவடிவுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். வயிறு திறக்கவில்லை.

"தேடி வந்திருக்கு. கை வச்சிராதீங்க" என்றாள் மனைவி செல்லத்தாய்.

அச்சு வந்ததும், கூட்டோடு சேர்த்தே குழலை மாட்டிவிட்டார். வெயில் காலத்தில் வைப்பருக்கு என்ன வேலை என்று நினைத்தார். வைகாசிப் பாதியில் மழை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் மகளின் குறையைச் சந்தை நடுவில் அவிழ்த்துப் போட்டதாகும். அதற்குப் பதில் டைட்டஸின் சோற்றில் மண்ணைப் போட்டார்.

மறுநாள் கோட்டாற்றில் முதலாளி வீட்டுக்குப் போய், அவர் கையிலிருந்த குடைக்காம்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ரஹீம் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"உப்பு போனாப் போட்டும்வே. நாலு பேரு முன்னால அவனைச் சொன்னீரு. அந்த நாலு பேரையும் கூட்டி வச்சுச் சொல்லும்."

சொன்னார். அதே சந்தை, அதே சுமட்டுக்காரர்கள். டைட்டஸும் வந்து நின்றான். "இவன் தொடல. குழலுக்குள்ள குளவிக்கூடு. எம் மகளுக்காக நாந்தான் உடைக்காம விட்டேன்." இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

டைட்டஸ் தலையைச் சொறிந்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வெளிய தொத்தி நின்னு கையாலயே தொடச்சிருப்பேனே அண்ணாச்சி."

முத்துநாயகத்தால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கண்ணாடித் துணியை எடுத்து அவன் கையில் வைத்தார். பழைய குழலைக் குலுங்காமல் கழற்றி, தோள் துண்டில் பொதிந்து, மடியில் ஏந்தினார். பிறகு எதிர்க்கடையில் போய்ப் புதுக் குழல் கேட்டார்.

ஒரு முழம், திருவிதாங்கூர்க் காசில் ஆறு சக்கரம்.