சுதனுக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்ட்

உங்களில் யாராவது அண்மையில் கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கப் போனீர்களா? நான் போனேன். போன வாரம் இந்தப் பத்தி வராததற்குக் காரணமும் அதுதான்.

வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், எங்கள் வீட்டில் ஒரு பழைய கொம்பியூட்டர் இருக்கிறது. இருந்தது. கேம் விளையாடவென்றே யாரோ பாகம் பாகமாகப் பார்த்துப் பார்த்துப் பூட்டியது. வருடங்கள் கழித்து செகண்ட் ஹாண்டாக என்னிடம் வந்தது. நான் அதில் இந்தப் பத்தியைத் தட்டுவதோடு சரி. அதை உண்மையில் ஆண்டவன் சுதன். என் மனைவியின் தம்பி. இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதமாகிறது.

வந்த இரண்டாம் மாதமே ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டுபோய், மறுநாள் விட்டார்கள். அதற்குப் பிறகு அவன் படியிறங்கவில்லை. பால்கனிக்குக்கூட வரமாட்டான். பகல் முழுவதும் கார் ஓட்டுவான், ஸ்கிரீனில்! யாரும் மறிக்காத நீளமான றோட்டுகள்... வேகம் பிடிக்கும்போது மட்டும் அவன் முகம் கொஞ்சம் இளகும்.

பிறகு ஒரு புதுக் கேம் கிடைத்தது. போட்டால் படம் திக்கித் திக்கி வந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீன் கறுத்தே போனது.

"இந்தக் கேமுக்கு இப்ப இருக்கிற கார்ட் காணாது, அத்தான்," என்றான்.

வந்த நாளிலிருந்து அவன் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் சாமான். வாங்கிக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

காலி வீதியில் மூன்று கடை ஏறினேன். மூன்றிலும் ஒரே கேள்வி – "ஏஜிபியா, பிசிஐ எக்ஸ்பிரஸா?" எனக்கென்ன தெரியும்? திரும்பி வந்து கேட்டேன். சுதன் மெஷினின் மூடியைக் கழற்றிக் காட்டினான். கார்ட் செருகும் இடத்தில் பழைய வகை, புது வகை என்று இருக்கிறதாம். எங்களுடையது ஏஜிபி – பழையது. புதுக் கார்டுகள் அதில் ஏறாது. பழைய கார்டுகள் இப்போது வருவதில்லை.

"மதர்போர்ட், ப்ரொசெசர், ரேம் எல்லாத்தையும் மாத்துங்க சேர்," என்றார் ஒரு கடைக்காரர். பூட்டு வாங்கப் போனவனிடம் வீட்டை மாற்றச் சொல்கிறார்!

கடைசியில் பக்கத்திலுள்ள பாமன்கடைப் பகுதியில் ஒரு சின்ன ரிப்பேர் கடை. சிங்கள முதலாளி, என் வயதுதான். அவரிடம் பாவித்த ஏஜிபி கார்ட் ஒன்று இருந்தது. கார்ட் நல்லது, ஆனால் உங்கள் பவர் சப்ளை அதைத் தாங்குமோ தெரியாது, மெஷினைக் கொண்டுவாருங்கள், போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள் என்றார். நேர்மையான மனிதர்.

வீட்டில் வந்து சொன்னதும் சுதன் எழுந்து நின்றான்.

"நானும் வாறன், அத்தான். உங்களுக்கு செக் பண்ணத் தெரியாது."

என் மனைவி அடுப்பை நிற்பாட்டிவிட்டு ஓடி வந்தாள். "உண்மையாவோ? வெளியிலயோ?"

"ஓம் அக்கா. பக்கத்திலதானே."

அவள் அவசர அவசரமாக அவனுடைய சேர்ட்டை அயன் பண்ணினாள். பத்து நிமிடப் பயணத்துக்கு!

ஓட்டோவில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு அவன், பக்கத்தில் நான். காலை பத்து மணி. வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். கடைக்கு இன்னும் இரண்டு சந்திதான் இருந்தது... மறித்தார்கள்.

"மொகக்த மே?" என்ன இது என்று ஒரு சிப்பாய் கேட்டான்.

கொம்பியூட்டர் என்று சிங்களத்தில் விளக்கினேன். திறக்கச் சொன்னான். உள்ளே வயர்கள், சர்க்கியூட், விசிறி... சிப்பாய் இரண்டடி பின்னால் போனான். அவனுக்கும் சுதனின் வயதுதான் இருக்கும். பயம் அவன் கண்ணிலும் இருந்தது.

பிறகு அடையாள அட்டை. என்னுடையது கொழும்பு. சுதனுடையது யாழ்ப்பாணம். கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டையும் சேர்த்து நீட்டினான். கை நடுங்கியது. ஏன் நடுங்குகிறாய் என்று கேட்டார்கள். அதற்கு என்ன பதில் சொன்னாலும் பிழைதான் – உங்களுக்குத் தெரியாததா?

இரண்டு பேரையும் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். என்னை அன்று மத்தியானம் விட்டார்கள். சுதனை விட ஒன்பது நாளானது.

அந்த ஒன்பது நாளும் என் மனைவி சாப்பாட்டுப் பார்சலோடு பொலிஸ் வாசலில் நின்றாள். சட்டத்தரணி வந்தார், போனார். பாமன்கடை முதலாளி விஷயம் கேள்விப்பட்டு, தானாகவே வந்து, "நான்தான் மெஷினைக் கொண்டுவரச் சொன்னேன்" என்று வாக்குமூலம் கொடுத்தார். எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

சுதன் வந்தான். என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. மெஷின் இன்னும் அங்கேதான் – பரிசோதிக்கிறார்களாம். பேசாமல் இருக்க முடியாமல் நேற்று அவனிடம் சொன்னேன்: "புதுசாவே ஒண்டு வாங்குவம். எந்தக் கேமும் ஓடும்."

"வேண்டாம், அத்தான். ஊருக்குப் போற கப்பலுக்குப் பேர் பதிஞ்சு விடுங்கோ." தரைப்பாதை மூடிய பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கப்பல்தான்.

"அங்க சண்டையடா!"

"அங்க என்னை எல்லாருக்கும் தெரியும்," என்றான்.

இன்று காலை பதிந்துவிட்டு வந்தேன். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கமாட்டாள். "அங்க வச்சிருக்காதேங்கோ மாமி, இஞ்ச அனுப்புங்கோ, கொழும்பு பாதுகாப்பு" என்று அவனுடைய அம்மாவிடம் டெலிபோனில் சொல்லி அவனை வரவழைத்தவன் நான்தான்.