தெருமுனையில் நின்ற மேளம்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதித் தரும்படி அண்ணன் பிள்ளைகள் கேட்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது மேற்குத் தாம்பரத்தில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு லேத் பட்டறைக்குப் போய், அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். அவருக்கென்று இருந்த ஒரே ஆசை புட்பால். எங்கள் பகுதி டீமுக்கு அவர்தான் கோல் கீப்பர்.

ஒரு பொங்கலுக்கு நடந்த பைனலில் அண்ணனுடைய டீம் செம்பாக்கம் டீமை எட்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. அண்ணன் பக்கம் பந்தே வரவில்லை. கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். எதிர்ப்பக்கத்துக் கீப்பரோ விழுவதும் எழுவதுமாக இருந்தார். முழங்கை எல்லாம் ரத்தம்.

ஜெயித்தவர்கள் கோப்பையோடு தோற்றவர்கள் தெருவில் மேளம் அடித்துப் போவது அப்போது வழக்கம். பெண்பிள்ளைகள் நாங்களும் பின்னால் போனோம். அந்தக் கீப்பர் வீட்டுத் தெருமுனை வந்ததும் அண்ணன் மேளக்காரர்களை மறித்து நின்றார்.

"இத்தோட போதும். திரும்புங்க."

"இன்னா மச்சான், ஒரு பந்துகூடப் புடிக்கல, நீ ரூல்ஸ் பேசறியா?" என்று அதிக கோல் போட்டவர் கேட்டார்.

"ஆமாண்டா, நான் சும்மாதான் நின்னுகினு இருந்தேன். அதான் அவனையே பார்த்தேன். ஏழு உள்ள போனப்புறமும் எட்டாவதுக்குக் குதிச்சான். நீயா இருந்தா குதிப்பியா?"

மேளம் திரும்பியது. அடுத்த ஆட்டத்தில் அண்ணன் இடத்தில் வேறொருவரை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு வரன் பார்த்தபோது அண்ணன் தானே செம்பாக்கம் போய் அந்தக் கீப்பரைக் கேட்டு வந்தார். எங்கள் மாமாவுக்குக் கோபம்.

"எட்டு கோல் வாங்கினவனுக்கா பொண்ணைக் குடுக்கற? ஊரே சிரிக்கும்டா."

"சிரிச்சிட்டுப் போவட்டும் மாமா. கஷ்டம் வந்தா எடத்தை விட்டு நவுராதவன் வேணும் இவளுக்கு."

பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் யார் கேட்டார்கள்? நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பிள்ளை தங்காமல் நான் தவித்த வருடங்களில் ஊரார் சொல்லாத பேச்சில்லை. என் வீட்டுக்காரர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அண்ணன் சரியாகத்தான் பார்த்திருந்தார்.

பிற்காலத்தில் அண்ணன் திருமுடிவாக்கத்துக் கம்பெனியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்று, செம்பாக்கத்தில் நாங்கள் இன்றும் இருக்கும் அதே பழைய வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே வீடு கட்டிக்கொண்டார். சிறுநீரகத்தில் கோளாறு என்று தெரிந்தபின் தினமும் சாயங்காலம் என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் போய் உட்காருவார். அந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசி நான் கேட்டதேயில்லை. ஒருநாள் இவராகவே ஆரம்பித்தார்.

"மச்சான், அந்த எட்டாவது கோல் என் கைல பட்டுத்தான் உள்ள போச்சு. சொன்னா யாரும் நம்பல."

"நான் பார்த்தேன் மாப்ளே. எனக்கு அங்க வேற இன்னா வேலை?" என்று அண்ணன் சிரித்தார். அந்த வாரத்திலேயே கண்ணை மூடினார்.

அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், மருத்துவர்களுக்கும், கம்பெனி நண்பர்களுக்கும், சோறு ஆக்கிக் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. கடைசி ஊர்வலம் நேராகவே சுடுகாட்டுக்குப் போயிருக்கலாம். என் வீட்டுக்காரர்தான் முழங்கால் வலியோடு முன்னால் போய் மேளக்காரர்களிடம், "எங்க தெரு வழியா போங்கப்பா. முனையில நிறுத்தாதீங்க, நல்லா அடிங்க" என்று கேட்டார். வெயிலில் சுற்றிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நடந்து வந்த உங்கள் எல்லோரையும் நாங்கள் மறக்க மாட்டோம்.