வீரையாவின் இடது பக்கம்

மேசை மேல் கவிழ்ந்து கிடந்த விளையாட்டு லொறியின் முன் சக்கரங்களுக்கு நடுவே, நான்கு சின்னத் திருகாணிகளை வீரையாவின் வலது கை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தது. இடது கையை லொறி அசையாமல் இருக்கப் பாரமாக வைத்திருந்தார். உள்ளேயிருந்து தீப்பெட்டி அளவான ஒரு மோட்டரை வெளியே எடுத்தார். சேர்வோ என்பார்கள். லொறியின் முன் சக்கரங்களைத் திருப்புவது அதுதான். இது இரண்டாவது சேர்வோ. இரும்புப் பல் வைத்த மூன்றாவது, பெட்டி பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது.

"இதுவும் சரியில்ல மிஸ். இடது பக்கம் இழுக்குது" என்றார்.

நான் அவருடைய இரத்த அழுத்தத்தை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கவாதம் வந்தவர்களை வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பது என் வேலை. பிலிமத்தலாவையில் வீரையாவின் வீட்டுக்குக் கிழமையில் மூன்று நாள் போவேன்.

லொறி ரிமோட்டில் ஓடுவது. டோஹாவில் வேலை செய்யும் மகள் நிலூஷா, அப்பா சும்மா ஓட்டிப் பொழுது போக்கட்டும் என்று அனுப்பியது. விரலுக்கு நல்ல பயிற்சி என்று நானும் சொன்னேன். ரிமோட் துப்பாக்கிப் பிடி மாதிரி இருக்கும். இடது கையால் பிடித்து ஆட்காட்டி விரலால் விசையை அமுக்கினால் லொறி ஓடும். பக்கத்திலுள்ள சின்னச் சில்லை வலது கையால் திருப்பினால் வளையும். எட்டு மாதத்தில் இடது விரலுக்குப் பலம் வந்தது. உணர்வு வரவில்லை. எவ்வளவு அமுக்குகிறோம் என்று தெரியாமல் எப்போதும் முழுக்க அமுக்குவார்.

கட்டுகஸ்தோட்டையில் இந்த மாதிரி லொறிகளுக்குச் சாமான் விற்கும் அஹ்னாபிடம் ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டினார். முதலில் பெரிய டயர். பிறகு குலுக்கலைத் தாங்கும் ஷொக்குகளுக்குத் தடித்த எண்ணெய். பிறகு பழையதைவிட இரண்டு மடங்கு வேகமான மோட்டர். முன்னால் அலுமினியப் பம்பர். லொறி ஒவ்வொரு தடவையும் இன்னும் வேகமாகப் போய், இடது பக்கம் இருந்த எல்லாவற்றிலும் மோதியது. பூச்சாடி, கதிரைக் கால், பூனை.

லொறியில் பழுது இல்லை. பக்கவாதம் மூளையின் வலது பாதியை அடித்துவிட்டது. அப்படி அடித்தால் சிலருக்கு இடது பக்க உலகம் இல்லாமற் போய்விடும். கண் நன்றாகத்தான் இருக்கும். மூளை அந்தப் பக்கத்தைக் கவனிக்காது. கவனிக்கவில்லை என்பதும் அதற்குத் தெரியாது. ஒருநாள் தாளும் பென்சிலும் கொடுத்து, முன்னாலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வேனைக் கீறச் சொன்னேன். ஒரு லைட், அரைக் கண்ணாடி, ஒரு சில்லு கீறிவிட்டுத் தாளைத் தந்தார்.

"மற்றப் பாதி எங்கே?"

"முழுசாத்தானே இருக்கு. மிஸ்ஸுக்குத்தான் கண்ணாடி மாத்தணும்."

வேன் அவருடைய வாழ்க்கை. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பதினைந்து வயதில் லொறி கழுவப் போய், லொறி ஓட்டி, முப்பத்தெட்டு வயதில் சொந்தமாக ஒரு வேன் எடுத்தார். இருபத்திரண்டு வருடம் பிலிமத்தலாவையிலிருந்து கண்டிப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றினார். ஒருநாள்கூடப் பிந்தியதில்லை. பெற்றோர் அவரை மதித்தார்கள், பிள்ளைகள் பயந்தார்கள்.

மனைவி ராக்கம்மாவும் கூடவே போனாள். இடது பக்கத்துக் கதவு அவளுடையது. பிள்ளைகளை ஏற்றி இறக்கி, ஓரத்தில் ஆட்டோவோ தண்ணீர் ஓடும் கானோ இருந்தால் சொல்லி, எல்லாம் சரியென்றால் "ரைட்" என்பாள். இந்த நாட்டில் பஸ்ஸிலும் வேனிலும் ரைட் என்றால் வலது என்று யாரும் எடுப்பதில்லை. போகலாம் என்றே எடுப்பார்கள். இருபத்திரண்டு வருடம் வீரையா இடது பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. அது அவள் வேலை. ஆகவே அந்தப் பக்கம் மூளையிலிருந்து போனபோது, போனது ஒன்றும் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒருமுறை அவள் ரைட் சொல்லியும் வேன் மதகில் உரசிவிட்டது. பதினாறு பிள்ளைகளுக்கு முன்னால் அவளை அறைந்தார். அந்தக் கீறலுக்குப் பெயின்ட் பூசாமல் இரண்டு வருடம் விட்டுவைத்தார், கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் பார்க்கட்டும் என்று. இதை எனக்குச் சொன்னதே அவர்தான், சிரித்துக்கொண்டு.

பக்கவாதத்துக்குப் பிறகு அவளுடைய முறை வந்தது. சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றை வலது பக்கமும் மீன் கறியை இடது பக்கமும் வைத்துக் கொடுப்பாள். அவர் வெறுஞ்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கறி இல்லாத வீடு என்று கத்துவார். அவள் கோப்பையை எடுத்துப் போய் அந்த மீனைத் தான் சாப்பிடுவாள். நான் கண்டுபிடித்து, கோப்பையைத் திருப்பி வைத்தேன்.

"சாப்பாட்டால தண்டிக்கக் கூடாது, ராக்கம்மா."

"வேற எதால மிஸ் தண்டிக்கிறது? கை நீட்ட எனக்குப் பழக்கமில்ல."

பிறகு அவள் கேட்டாள், "எம்புட்டுத் தூரம் அவருக்குத் தெரியாது?" நான் அவர் இருந்த கதிரைக்குப் பின்னால் நின்று, மூக்குக்கு நேரே கையை நீட்டி, இந்தக் கோட்டுக்கு இடது பக்கம் ஒன்றும் தெரியாது என்று காட்டினேன். பராமரிக்கிறவளுக்குத் தெரிய வேண்டிய விஷயம். சொன்னேன்.

பள்ளிக்கூடங்களின் மூன்றாம் தவணை ஒரு திங்கட்கிழமை தொடங்க இருந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு வேனை ஓட்டியவன் அஜந்தன், ராக்கம்மாவின் தங்கை மகன், முப்பத்தாறு வயது. வீரையா இனி வாகனம் ஓட்டக்கூடாது என்று டொக்டர் கடிதமே கொடுத்திருந்தார். வீரையா அதை எடுத்து ஒவ்வொரு வரியிலும் வலது பாதியை வாசித்துவிட்டு, இதில் ஒன்றும் விளங்கவில்லை, டொக்டருக்குத் தமிழ் தெரியாது என்றார். திங்கட்கிழமை தானே வேனை எடுப்பதாக அஜந்தனிடம் சொன்னார். அவன் பயந்து என்னைப் பார்த்தான்.

"முதல்ல உங்கட லொறியை நேரா ஓட்டிக் காட்டுங்கோ" என்றேன்.

"காட்டுறேன். மூனு தடவ. ரெண்டு பக்கமும் போத்தல் நிறுத்துங்க. ஒரு போத்தல் விழுந்தா நான் வேன்ல கை வைக்கல."

ஞாயிறு பின்னேரம் மைதானத்தில் அஹ்னாப் தண்ணீர்ப் போத்தல்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, முப்பது அடிக்கு ஒரு வீதி செய்தான். அங்கே வழக்கமாக விளையாட்டு லொறி ஓட்டும் ஐந்தாறு பேரும் கூடினார்கள். வீரையா கதிரையில் உட்கார்ந்தார். மூன்றாவது சேர்வோ பூட்டியாயிற்று.

"ஏய், நீ ஒன் எடத்துல நில்லு" என்று ராக்கம்மாவிடம் சொன்னார். "ரைட் சொல்லு."

அவள் இடது வரிசைக்கு வெளியே நின்றாள். முதல் தடவை, "இந்தப் பக்கம் ஒட்டுது, அங்கிட்டுத் திருப்புங்க... ரைட், ரைட்" என்று சொல்லிச் சொல்லியே கூட்டிப் போனாள். ஒரு போத்தலும் விழவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே.

"பாத்தீங்களா மிஸ், சேர்வோ" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. முகத்தின் வலது பாதி என்று சொல்ல வேண்டும்.

"ஐயாவுக்கு லைசன் குடுக்கலாம், மாமி கூட ஓடிட்டே வந்தா" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அஹ்னாப் லொறியைத் திரும்பக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தான். மூன்றாவது தடவை. ராக்கம்மா போத்தல் வரிசையைத் தாண்டி உள்ளே வந்து, வீதியின் இடது பக்கத்தில் நின்றாள். அவருக்குப் பத்தடி முன்னால், சிவப்புச் சேலையோடு. சிரிப்பு நின்றது. அஹ்னாப் வாயைத் திறந்தான். அவள் விரலைத் தூக்கிக் காட்டினாள். நான் பையைத் தோளிலிருந்து இறக்கினேன்.

"ரைட்" என்றாள்.

வீரையா விசையை முழுக்க அமுக்கினார். அலுமினியப் பம்பர் அவள் கணுக்காலில் பட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. லொறி கவிழ்ந்து சில்லுகள் சுற்றின.

"என்னாத்துல பட்டுச்சு?"

"எம்மேல."

"நீ எங்க நின்ன?"

"நீங்க நிக்கச் சொன்ன பக்கத்துல. ஒங்க கண்ணு முன்னால."

அவர் தலையை வலது பக்கம் திருப்பி அவளைத் தேடினார். இரத்தம் செருப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பையைத் திறந்து பஞ்சை எடுத்தேன். எலும்புக்குச் சேதமில்லை. தோல் இரண்டங்குலம் கிழிந்திருந்தது.

"சேர்வோ இழுத்திருச்சு, நானா" என்றார் அஹ்னாபிடம். முஸ்லிம் கடைக்காரரை நானா என்பது இங்கே வழக்கம்.

அஹ்னாப் ரிமோட்டை வாங்கினான். லொறியை நிமிர்த்தி, போத்தல்களுக்கு நடுவே போகவும் வரவும் ஓட்டினான். ஒரு போத்தலும் அசையவில்லை.

"லொறில ஒரு பழுதும் இல்ல அண்ணன். மொத நாள்லயே இல்ல."

"அப்ப ஏன் மூனு சேர்வோ குடுத்தீங்க?"

"நீங்க கேட்டீங்க, நான் குடுத்த."

மற்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். ராக்கம்மா காலை எனக்குக் கட்டக் கொடுத்துவிட்டுப் புல்லில் இருந்தபடியே சொன்னாள். "சிரிக்காதீங்க. நாளைக்குப் பிரியாந்தினி டீச்சரோட மகளா இருந்தா? ஆறு வயசுப் புள்ள. இந்தப் பக்கமாத்தான் வேன்ல ஏறும்." பிறகு அவரிடம், "இப்ப அறைங்க. நான்தானே ரைட் சொன்னேன்."

அவர் வலது பக்கப் போத்தல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில், "போத்தல் ஒன்னும் விழலயே" என்றார். "வேன நான்தான் எடுப்பேன்."

திங்கட்கிழமை அவரைக் குளிப்பாட்டும் நாள். முதல் பஸ்ஸில் போனேன். ஐந்தே முக்காலுக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, வேனுக்குப் பக்கத்தில் நின்றார். வலது கையால் சட்டைப் பையைத் தடவினார், காற்சட்டைப் பையைத் தடவினார்.

"சாவிய இவ ஒளிச்சிட்டா மிஸ்."

சாவி அவருடைய இடது கையில் இருந்தது. ஆணியிலிருந்து தானே எடுத்து, பொத்தான் போடுவதற்காக அந்தக் கைக்கு மாற்றியிருப்பார். மாற்றியதும் கையும் போயிற்று, சாவியும் போயிற்று.

அஜந்தன் அதைக் கண்டான். என்னைப் பார்த்தான். உங்கட இடது கையைப் பாருங்கோ என்று சொல்லியிருந்தால் பார்த்திருப்பார். சொன்னால் அவரால் பார்க்க முடியும். நான் சொல்லவில்லை.

ராக்கம்மா நொண்டிக்கொண்டு வந்து அவருடைய இடது பக்கத்தில் நின்றாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்துச் சாவியை எடுத்து அஜந்தனிடம் கொடுத்தாள். வீரையாவின் வலது கை அப்போதும் பைக்குள் துழாவிக்கொண்டிருந்தது.

அவள் வேனில் ஏறினாள். ஆறு ஐந்துக்கு வேன் புறப்பட்டது. நான் அவருடைய சட்டையைக் கழற்றி, உள்ளே கூட்டிப் போய்த் தண்ணீர் வார்த்தேன்.