ஓடும் ரத்தத்தைப் படம் எடுத்த நாள்

போர்ட் கிள்ளானில் லோரி வொர்க்‌ஷாப்பில் இரும்பு தேய்க்கும் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் என் வலது கை செத்துப்போனது. பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. கழுத்தின் இடது பக்க ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம் என்றார் டாக்டர். கொஞ்சமாவது ரத்தம் ஓடினால் ஆபரேஷன் செய்து காப்பாற்றலாம், முழுசாக அடைத்திருந்தால் அந்த வழி இல்லை என்றும் சொன்னார். அதைப் பார்க்கத்தான் கோலாலம்பூரில் எம்.ஆர்.ஐ.

அங்கே கொடுத்த ஃபாரத்தில் ஒரு கேள்வி: கண்ணில் இரும்புத் தூள் விழுந்திருக்கிறதா? இல்லை என்று போட்டேன். பிள்ளைகளே, பொய் சொல்ல நினைக்கவில்லை. எங்களுக்கு அது தினப்படி வேலையில் ஒன்று. கூட வேலை செய்பவர் கைக்குட்டை நுனியால் எடுத்துவிடுவார். பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது உங்கள் அம்மா என் கண்ணில் தாய்ப்பால் விட்டாள், அத்தோடு சரி. டாக்டரிடம் போனதே இல்லை.

மெஷின் அறை வாசலில், படம் எடுக்கும் பெண், உள்ளே இருப்பது பெரிய காந்தம், சாவி இருந்தால் பறந்துவிடும் என்றாள். என் கால் நின்றுவிட்டது.

"கண்ணுக்குள்ள தூள் இருந்தா என்னம்மா ஆகும்?"

அவள் கதவைச் சாத்தினாள். "ஃபாரத்துல இல்லைன்னு போட்டிருக்கீங்களே அங்கிள். தூளோட உள்ள போயிருந்தா கண்ணு போயிடும்லா."

முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே. முடிவு வரும்வரை நானும் கூட வந்திருந்த உங்கள் அம்மாவும் வெளியே உட்கார்ந்திருந்தோம். தூள் இருந்தால் எம்.ஆர்.ஐ. படம் கிடையாது. அம்மா சொன்னாள்: "டீயில சீனி கம்மின்னா உங்க சத்தம் தெருவுக்கே கேக்கும். இத மட்டும் ஃபாரத்துல எழுதாம வாய்க்குள்ளயே வச்சிருந்தீங்களா?"

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. மெஷினின் குழாய்க்குள் படுத்தேன். தகரத்தில் சுத்தியல் அடிப்பதுபோல் சத்தம். ஓடும் ரத்தம் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். அசையாமல், எச்சில்கூட விழுங்காமல் கிடந்தேன்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். கழுத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள். வலது கோடு முழுசாக இருந்தது. இடது கோடு மெலிந்து, ஓரிடத்தில் காணாமலே போனது. அம்மா என் கையைப் பிடித்தாள்.

டாக்டர் விரலை மேலே நகர்த்தினார். அங்கே கோடு மறுபடியும் நூல்போல் தொடங்கியது. நடுவில் தெரியாவிட்டாலும் ரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்றார். எப்போது வர முடியும் என்று என்னைத்தான் கேட்டார்.

"நாளைக்கே வரோம்," என்றாள் அம்மா.